லேசர் வளைக்கும், உயிரணு நிலைநிறுத்தும்

(குருத்தெலும்பு பற்றிய ஓர் அறிவியல் கட்டுரை)

முன்னுரை

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி கேட்பார்கள். ஒழுக்கத்துக்காகச் சொன்ன பழமொழிதான். ஆனால் நம் காதிலும் மூக்கிலும் உள்ள குருத்தெலும்புக்கு இது சொல்லுக்குச் சொல் பொருந்தும் என்பது வியப்பான உண்மை. ஐம்பதிலும் அதை வளைக்கலாம் என்று ஒரு கருவி வந்திருக்கிறது. அதுதான் லேசர்.

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகச் சுமார் 25 கி.மீ. போனால் சவ்வாது மலையடிவாரத்தில் அமிர்தி வரும். அருவியும், 1967-ல் தொடங்கிய உயிரியல் பூங்காவும் உள்ள அந்த இடத்துக்கு நம்மில் பலர் டூர் போய் வந்திருப்போம். அந்த மலைப்பக்கம் மூங்கில் உண்டு. கோணலான மூங்கிலை நிமிர்த்த என்ன செய்வாங்க? அனலில் வாட்டி, சூடாக இருக்கும்போதே வளைத்துப் பிடித்து, ஆறும்வரை விடாமல் வைத்திருப்பாங்க. ஆறிய பிறகு மூங்கில் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். லேசரால் குருத்தெலும்பை வடிவமைப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். வாட்டு, பிடி, ஆறவிடு.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வெட்டிய மூங்கிலுக்கு உயிர் இல்லை. ஆறியதோடு கதை முடிந்தது. குருத்தெலும்புக்கு உயிர் உண்டு. ஆறிய பிறகுதான் அதன் கதையே தொடங்குகிறது. அந்தக் கதையைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

குருத்தெலும்பு என்பது என்ன?

காது மடலை மடக்கிப் பாருங்கள். விட்டதும் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். உள்ளே இருப்பது மீள்தன்மை மிக்க குருத்தெலும்பு. மூக்கின் நடுச்சுவர், விலா எலும்பின் முன்முனை, மூச்சுக்குழாய், மூட்டுகளின் முனை ஆகிய இடங்களில் பளிங்கு போன்ற இன்னொரு வகை உண்டு. முதுகெலும்பின் இடைத்தட்டுகளில் நார் மிகுந்த மூன்றாவது வகை உள்ளது.

இதன் எடையில் சுமார் 65 முதல் 80 விழுக்காடு வரை வெறும் தண்ணீர். மீதியில் பெரும்பங்கு கொலாஜன் என்ற புரத இழைகள். அந்த இழைகளின் வலைக்குள் புரோட்டியோகிளைக்கான் என்ற பெரிய மூலக்கூறுகள் அடைபட்டுக் கிடக்கின்றன. இவற்றுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு குழிகளில் உயிரணுக்கள் வாழ்கின்றன. மூட்டுக் குருத்தெலும்பை எடுத்துக்கொண்டால், மொத்தக் கன அளவில் இவை சில விழுக்காடுதான். இவ்வளவு கட்டுமானத்தையும் பராமரிக்கும் தொழிலாளிகள் இவ்வளவு பேர்தான்.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. அப்படின்னா சாப்பாடு எப்படி வரும்? காதிலும் மூக்கிலும் குருத்தெலும்பை ஒரு மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. அந்த உறையில் இரத்தக் குழாய்கள் உண்டு. அங்கிருந்து சர்க்கரையும் ஆக்சிஜனும் கசிந்து கசிந்து உள்ளே பரவ வேண்டும். குழாய் இணைப்பு இல்லாத தெருவுக்குக் குடத்தில் தண்ணீர் போவது மாதிரி!

உள்ளே நடக்கும் இழுபறி

புரோட்டியோகிளைக்கான்கள் எதிர்மின் சுமை கொண்டவை. அவை நேர்மின் அயனிகளை இழுக்கின்றன. அயனிகள் இருக்கும் இடத்துக்குத் தண்ணீரும் வருகிறது. ஆகவே குருத்தெலும்பு எப்போதும் உப்பப் பார்க்கிறது. கொலாஜன் வலை அதை உப்பவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. டியூபில் காற்று வெளியே தள்ள, டயர் பிடித்து நிறுத்துவது போல என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சமநிலைதான் காதின் வடிவம்.

ஒரு பக்கம் மட்டும் சீவி எடுத்தால் என்ன ஆகும்? சமநிலை கெட்டு, துண்டு சுருண்டு வளையும். 1950-களின் இறுதியில் கிப்சன், டேவிஸ் என்ற இரு மருத்துவர்கள் விலாக் குருத்தெலும்பில் இதை ஆராய்ந்து எழுதினார்கள். ஒட்டு வைக்கத் துண்டை வெட்டும்போது இரு பக்கமும் விசை சமமாக இருக்கும்படி வெட்டினால்தான் அது பிறகு கோணாது என்பது அவர்கள் கண்ட விதி. பட்டறையில் ஒரு பக்கம் மட்டும் மெஷின் செய்த இரும்புத் தகடு கோணிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. இரண்டுக்கும் காரணம் உள்ளே தங்கிய தகைவு, அதாவது ஸ்ட்ரெஸ்.

மூக்குக்குத் தாங்கு ஏன் வேண்டும்?

இது அழகுக்கான ஆராய்ச்சி மட்டும்தானா என்று சிலர் கேட்கலாம். நம் வேலூர் வட்டாரத்தின் வரலாறே அதற்குப் பதில் சொல்லும். தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் நன்றாக வளரும். மூச்சுக் காற்று குளிரவைக்கும் மூக்கு அதற்கு வாய்ப்பான இடம். நோய் முற்றும்போது மூக்கின் நடுச்சுவர் அழிந்து, மூக்குத் தண்டு அமுங்கிப் போகும். மருந்தால் நோய் குணமான பிறகும் முகம் மட்டும் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த முகத்தோடு வேலை கேட்டுப் போனவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைக்காக உலகம் அவரை அறியும். அமுங்கிய மூக்கைச் சீர்செய்வதும் அந்தப் பணியின் ஒரு பகுதியாக இருந்தது. 1955-ல் அருகிலுள்ள கரிகிரியிலும் தொழுநோய் ஆராய்ச்சி மையம் அமைந்தது.

இந்திய மூக்குச் சிகிச்சை மிகப் பழமையானது. சுசுருதர் பெயரால் வழங்கும் நூலில் காது, மூக்கு ஒட்டும் முறைகள் உண்டு. புனே பகுதியில் கவாஸ்ஜி என்பவருக்கு நெற்றித் தோலைக் கொண்டு மூக்கு அமைத்த செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்துடன் வெளிவந்தது. ஆனால் தோல் மட்டும் போதாது. உள்ளே தாங்கு வேண்டும். கம்பம் இல்லாத பந்தல் நிற்குமா? அதனால்தான் பிற்காலத்தில் இடுப்பெலும்பு, விலாக் குருத்தெலும்பு முதலியவற்றை எடுத்து வைத்தார்கள். அப்படி வைக்கும் துண்டைத் தேவையான வளைவுக்குக் கொண்டுவருவது ஒரு தலைவலி. வெட்டிச் செதுக்கினால் வலு குறையும், கோணவும் செய்யும். வெட்டாமல் வளைக்க வழி உண்டா? இந்தக் கேள்விதான் லேசரிடம் கொண்டுவந்து விட்டது.

லேசர் என்ன செய்கிறது?

1960-ல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். 1964-ல் கரியமில வாயு லேசரை உருவாக்கியவர் குமார் பட்டேல். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனே அரசினர் பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய நம் நாட்டவர். இன்று தகடு வெட்டும் தொழிற்சாலையிலும் அறுவை அரங்கிலும் அவருடைய லேசர் வேலை செய்கிறது.

1993-ல் கிரீஸ் நாட்டின் ஹெலிடோனிஸ், ரஷ்யாவின் எமில் சோபோல் ஆகியோரின் குழு, முயல் காதுக் குருத்தெலும்பை லேசரால் சூடாக்கி, வெட்டாமலே வடிவம் மாற்றிக் காட்டியது. அதன் பிறகு பல நாடுகளில் ஆய்வு பெருகியது.

ஏறக்குறைய 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போது குருத்தெலும்பின் உள்விசைகள் தளர்கின்றன. புரோட்டியோகிளைக்கானோடு கட்டுண்ட தண்ணீர் அவிழ்ந்து நகர்வதும், மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள பிணைப்புகள் மாறி அமைவதும் இதற்குக் காரணம் என்பது சோபோல் குழுவினர் தந்த விளக்கம். அந்த நேரத்தில் வளைத்துப் பிடித்தால், ஆறும்போது புதிய வடிவத்திலேயே சமநிலை ஏற்படும். அளவுக்கு மேல் சுட்டால் கொலாஜன் சுருங்கி வேகும். முட்டை வெந்தால் மீண்டும் பச்சை முட்டை ஆகாது அல்லவா? அதே கதைதான்.

எந்த லேசரைத் தேர்ந்தெடுப்பது? ஒளி எவ்வளவு ஆழம் போகும் என்பதைப் பொறுத்தது. குருத்தெலும்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், தண்ணீர் எந்த அலைநீளத்தை எவ்வளவு விழுங்குகிறது என்பதே கணக்கு.

1. கரியமில வாயு லேசர், 10.6 மைக்ரான்: ஒரு மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு அளவிலேயே விழுங்கப்படும். மேற்பரப்பு மட்டும் சூடாகும்.

2. ஹோல்மியம் லேசர், சுமார் 2.1 மைக்ரான்: அரை மி.மீ.க்குச் சற்றுக் குறைவு.

3. எர்பியம் கண்ணாடி லேசர், 1.54 மைக்ரான்: சுமார் 1 மி.மீ. காது மடலுக்கு ஏற்றது.

4. நியோடிமியம் யாக் லேசர், 1.32 மைக்ரான்: சில மி.மீ. வரை செல்லும். தடித்த துண்டுகளுக்குப் பயன்படும்.

சிக்கல் எங்கே?

வடிவம் மாற 60 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் அந்த வெப்பத்தில் சில விநாடிகள் இருந்தாலே உயிரணு செத்துவிடும்! 43 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும், அதே சேதத்துக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய பாதியாகிறது என்பது வெப்ப மருத்துவத்தில் புழங்கும் தோராய விதி. வளைக்கும் வெப்பமும் கொல்லும் வெப்பமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. இந்தத் துறையின் முழுக் கஷ்டமும் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்று பரவ ஆகும் நேரம், தூரத்தின் வர்க்கத்தைப் பரவல் எண்ணால் வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும். வெப்பத்தின் பரவல் எண், தண்ணீரைப் போலவே, விநாடிக்குச் சுமார் 0.14 சதுர மி.மீ. ஆகவே வெப்பம் 1 மி.மீ. பரவ 7 விநாடி போதும். குளுக்கோஸுக்கு அந்த எண் சுமார் 0.0004 மட்டுமே. அதே 1 மி.மீ.க்கு 2500 விநாடி, அதாவது 40 நிமிடத்துக்கு மேல்! சேதம் விநாடிகளில் பரவுகிறது. பழுது பார்க்கும் உணவு அதைவிடச் சுமார் 350 மடங்கு மெதுவாக வந்து சேருகிறது. குருத்தெலும்புக் காயம் ஏன் இவ்வளவு மெள்ள ஆறுகிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழிகள் மூன்று. ஒன்று, குறுகிய துடிப்புகளாகச் சுடுவது. இரண்டு, வளைவுக் கோட்டில் முழுவதும் சுடாமல் புள்ளி புள்ளியாகச் சுடுவது. நம் ஸ்பாட் வெல்டிங் மாதிரி. இரு புள்ளிகளுக்கு நடுவே உயிருள்ள பகுதி மிஞ்சும். மூன்று, மேற்பரப்பைக் குளிரவைத்துக்கொண்டே சுடுவது. இதனால் தோலும், அதைவிட முக்கியமாகக் குருத்தெலும்பு உறையும் காப்பாற்றப்படுகின்றன.

சுட்ட பிறகு நடப்பவை

முதல் கட்டம், சில மணி நேரம் முதல் சில நாள் வரை. சுட்ட புள்ளியின் நடுவே உயிரணுக்கள் இறந்து, அவை இருந்த குழிகள் காலியாகும். சுற்றியுள்ள வளையத்தில் காயப்பட்டும் சாகாத உயிரணுக்கள் இருக்கும். உறையிலும் தோலிலும் வீக்கமும் அழற்சியும் தோன்றும். குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் இல்லாததால் இந்த அழற்சி உள்ளே எளிதில் நுழைவதில்லை. இது நன்மையும்தான், தீமையும்தான். உள்ளே பெரிய களேபரம் இல்லை; ஆனால் பழுது பார்க்கும் ஆட்களும் வருவதில்லை.

இரண்டாம் கட்டம், வாரங்கள். உறையின் உட்புற அடுக்கில் புதிய குருத்தெலும்பு உயிரணுக்களாக மாறக்கூடிய இளம் செல்கள் உள்ளன. உறை பிழைத்திருந்தால் இவை பெருகி, சுட்ட பகுதியின் ஓரத்தில் புதுப் படலம் போடும். 1.54 மைக்ரான் லேசரைக் குளிரூட்டலோடு முயல் காதில் பயன்படுத்திய ஆய்வுகளில் ஆறாம் வாரத்திலும் வளைவு நின்றது. அங்கே குருத்தெலும்பு அடுக்கு தடித்தும் காணப்பட்டது. அந்தப் புது வளர்ச்சி வளைவுக்கு முட்டுக் கொடுக்கிறது.

மூன்றாம் கட்டம், மாதங்கள். பிழைத்த உயிரணுக்கள் புதிய புரோட்டியோகிளைக்கானும் கொலாஜனும் சுரந்து, புதிய வடிவத்துக்கு ஏற்ற இழுபறியை மறுபடி கட்டமைக்கின்றன. சேதம் அதிகமானால் அந்த இடத்தில் குருத்தெலும்புக்குப் பதில் வெறும் நார்த்திசு வரும். அது மென்மையானது, தாங்காது. இன்னும் மோசமானால் துண்டு மெள்ள மெள்ளக் கரைந்துபோகும். மூக்கு மறுபடி அமுங்கும்.

ஆகவே சுட்ட அன்றைக்கு வடிவம் அழகாக இருப்பது வெற்றி அல்ல. எத்தனை உயிரணுக்கள் பிழைத்தன என்பதே ஆறு மாதம் கழித்து வடிவம் நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. சிகிச்சைக்குப் பின் சில வாரம் அச்சு மாட்டிக்கொள்ளச் சொல்வதும் இதற்காகத்தான். பழைய வளைவுக்குத் திரும்பும் ஸ்பிரிங் பேக் குணம் குருத்தெலும்புக்கும் உண்டு.

இயற்கை தரும் மூன்று சாட்சிகள்

முதல் சாட்சி, கபடி வீரரின் காது. மோதலில் காது நசுங்கும்போது உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே இரத்தம் தேங்கும். அதை வெளியேற்றாமல் விட்டால், கீழே இருக்கும் குருத்தெலும்பு பட்டினியாகிறது. பிரிந்த உறையோ கண்டபடி புதுக் குருத்தெலும்பு போடுகிறது. காது காலிஃபிளவர் மாதிரி முண்டும் முடிச்சுமாகிவிடும். உறைக்கு வளர்க்கத் தெரியும், வடிவம் தெரியாது என்பதற்கு இதுவே சாட்சி. நம் கல்லூரி வீரர்கள் காது வீங்கினால் "தானா சரியாப் போயிடும்" என்று இருக்காமல், ஓரிரு நாளில் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

இரண்டாம் சாட்சி, அமிர்தி பூங்காவில் நாம் பார்க்கும் புள்ளிமான். கிடா மானின் கொம்பு விழுந்து மீண்டும் முளைக்கிறது. முளைக்கும் கொம்பு முதலில் குருத்தெலும்பாக வளர்ந்து பிறகே எலும்பாகிறது. மனிதக் குருத்தெலும்பு ஒரு கீறலை ஆற்றவே திணறும்போது இது மட்டும் எப்படி மளமளவென்று வளர்கிறது? கொம்புக் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன! சாப்பாடு வாசலுக்கே வருகிறது. மேலே போட்ட கணக்கை மானே நிரூபித்துக் காட்டுகிறது.

மூன்றாம் சாட்சி, பச்சைக் குழந்தை. தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குழந்தையின் இரத்தத்தில் மிகுந்திருக்கும் முதல் சில வாரங்களில் காதுக் குருத்தெலும்பு மிக மெத்தென்று இருக்கும். மடங்கிய காதை அப்போது அச்சு வைத்தே மருத்துவர்கள் சீராக்குகிறார்கள்; கத்தியும் வேண்டாம், லேசரும் வேண்டாம். ஐந்தில் வளைவது என்பது இதுதான். இதைச் சாக்காக வைத்து, குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கைப் பிடித்து உருவுவதும் மூக்கில் எண்ணெய் விடுவதும் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

மனிதர்களுக்கு எந்த அளவில்?

மூக்கின் கோணல் நடுச்சுவரை ஹோல்மியம் லேசரால் நிமிர்த்தி, நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளின் அனுபவத்தை மாஸ்கோ மருத்துவர்கள் 2002-ல் வெளியிட்டார்கள். துருத்திய காதுகளுக்கு 1.54 மைக்ரான் லேசர் ஐரோப்பாவில் பயன்படுத்தப்பட்டது. எனினும் கத்தி, தையல் முறைகளை லேசர் ஓரம் கட்டிவிடவில்லை. எல்லாக் கோணலும் குருத்தெலும்பு வளைவால் மட்டும் வருவதில்லை; எலும்பு கோணியிருந்தால் இந்த முறை உதவாது.

வெப்பமே இல்லாமல் செய்யும் முறையும் ஆய்வில் இருக்கிறது. அமெரிக்காவில் பிரையன் வாங் குழுவினர், வளைத்துப் பிடித்த குருத்தெலும்பில் ஊசி மின்முனைகளைச் செருகிச் சில வோல்ட் மட்டும் கொடுக்கிறார்கள். மின்முலாம் பூசும் தொட்டியில் நடப்பது போன்ற மின்வேதி மாற்றம் நிகழ்ந்து, விசைகள் தளர்கின்றன. அங்கும் மின்முனையைச் சுற்றி உயிரணு சாகத்தான் செய்கிறது. கருவி மாறினாலும் கேள்வி மாறவில்லை: எத்தனை உயிரணு பிழைத்தது?

நமக்கு இதில் என்ன வேலை?

இது டாக்டர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிட வேண்டாம். சரியான விநாடியில் லேசரை நிறுத்துவது கண்ட்ரோல் இன்ஜினியரிங் வேலை. குருத்தெலும்பின் மேற்பரப்பு வெப்பத்தை அகச்சிவப்பு உணரி அளக்கிறது. தளர்வு ஏற்படும் நேரத்தில் திசு ஒளியைச் சிதறடிக்கும் விதமும் மாறுகிறது. சிறிய சிவப்பு லேசரைச் செலுத்தி, சிதறி வரும் ஒளியைப் போட்டோ டயோடால் பிடித்தால், "போதும், நிறுத்து" என்ற சிக்னல் கிடைக்கும். சென்சார், ஆம்ப்ளிஃபையர், கம்பேரேட்டர், ரிலே. நம் லேபில் தினமும் கைபடும் சாமான்கள்தானே! மெக்கானிக்கல் நண்பர்களுக்கு அச்சு, பிடிப்பான், குளிரூட்டும் முனை என்று வேலை காத்திருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். காது குத்துவது நம் வழக்கம். கீழ்மடலில் குருத்தெலும்பு இல்லை, தோலும் கொழுப்பும்தான். அதனால் சுலபமாக ஆறிவிடும். மேல்மடலில் குத்துவது அப்படியல்ல. அங்கே சீழ் பிடித்து உறை கெட்டால் குருத்தெலும்பு கரைந்து, காதே சுருங்கிப்போகும். மேல்மடலில் குத்துவதாக இருந்தால் சுத்தமான ஊசியும் பயிற்சி பெற்ற கையும் கட்டாயம். அதேபோல "வலியில்லை, வெட்டில்லை, அரை மணியில் புது மூக்கு" என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்காமல், ஆறு மாதம் கழித்து வடிவம் எப்படி இருக்கும் என்று கேளுங்கள்.

முடிவுரை

இரும்பைச் சூடாக்கி வளைத்தால் வேலை அன்றோடு முடியும். உயிருள்ள பொருளில் வெப்பம் பாதி வேலையைத்தான் செய்யும். மீதிப் பாதியை, குழிக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில உயிரணுக்கள் மாதக்கணக்கில் செய்து முடிக்க வேண்டும். அவற்றைச் சாகடிக்காமல் விடுவதே நல்ல பொறியாளனின் திறமை. குறைந்த சூடு, குறைந்த நேரம், நல்ல குளிர்ச்சி, நீண்ட பொறுமை ஆகிய இந்நான்கையும் நினைவில் வைப்போம். அமுங்கிய மூக்கோடு தலைகுனிந்து போன மனிதர்கள் வாழ்ந்த மண் இது. அவர்கள் நிமிர்ந்து நடக்க உதவும் ஒரு கருவியை நம்மில் ஒருவர் நாளை செய்யக்கூடாதா என்ன?

சிந்திக்கச் சில வினாக்கள்

1. 2 மி.மீ. தடிமனுள்ள குருத்தெலும்பின் இரு பக்கமும் உறை இருந்தால், நடுவிலுள்ள உயிரணுவுக்கு உணவு சேர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு பக்க உறை அழிந்துவிட்டால்?

2. காது மடலை வளைக்கக் கரியமில வாயு லேசர் ஏன் ஏற்றதல்ல?

3. ஸ்பாட் வெல்டிங்கில் புள்ளிகளை நெருக்கினால் பிடிப்பு கூடும். குருத்தெலும்பில் நெருக்கினால் என்ன ஆகும்?